எண்ணெய் மிதந்த வருஷம்

பூனைப்புதினா எண்ணெய் லேசில் மிதக்காது. வேறு எந்தத் தழையைக் காய்ச்சினாலும், குளிர்ந்து சொட்டும் நீருக்கு மேல் எண்ணெய் தனியாகத் திரண்டு நிற்கும். இதற்குத் தண்ணீரைவிட மயிரிழை கனம் அதிகம். பாதி அடியில் இறங்கும், பாதி நடுவில் கலங்கிக்கொண்டு நிற்கும், பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கொட்டகையில் அப்படித்தான் நடந்தது. அந்த வருஷம் மட்டும் முதல் வடியிலேயே எண்ணெய் மேலே வந்து, கண்ணாடிக் குடுவையின் கழுத்தில் ஒரு விரல் கனத்துக்கு அசையாமல் நின்றது.

முதலில் அதைப் பார்த்தவள் அண்ணி. கொழுந்தன் ஒருவனுக்குத்தான் அவள் அண்ணி. ஆனால் தழை அறுக்க வரும் பெண்கள் முதல் லாரிக்காரர் வரை எல்லோருக்கும் அந்தப் பெயரே பழகிவிட்டது. அவள் புருஷனுக்கு ஊரில் மூக்கர் என்று பெயர். முன்னால் நின்றே கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கைப்பிடி தழையை முகர்ந்து, இது மேட்டுப் பாத்தி, நேற்று மத்தியானம் அறுத்தது, நிழலில் காய வைக்கவில்லை என்று மூன்று விஷயம் சொல்வார். மூன்றும் சரியாக இருக்கும். எண்ணெய் வாங்கும் கம்பெனியின் சோதனைக்கூடத்துப் பெண்ணே ஒருமுறை, "எங்க மெஷின் ஒரு மணி நேரம் எடுத்துக்குதுய்யா, நீங்க ஒரு மூச்சுல சொல்லிடறீங்க" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பேச்சை அவர் ஒரு வருஷம் வைத்துச் சாப்பிட்டார்.

அன்று வெளியே தூறிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் நீராவியும் புகையுமாக ஆள் முகம் ஆளுக்குத் தெரியவில்லை. மூக்கரின் தம்பி சின்னவன் கொதிகலனுக்குக் கீழே விறகைத் தள்ளிவிட்டு, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு வந்தான். நாற்பத்திநாலு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களும் ஓய்ந்துபோய்விட்டார்கள். கொதிகலன் அறைக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு அலமாரி, அண்ணி கையால் மூன்று வேளைச் சாப்பாடு. அவ்வளவுதான் அவன் குடும்பம்.

"என்ன அண்ணி, மிதக்குது?"

"அதான் பாக்கறேன். உங்க அண்ணனைக் கூப்பிடு."

மூக்கர் வந்தார். குடுவையை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு வரும்?"

"நூறு கிலோ தழைக்கு நானூத்திநாப்பது மில்லி வரும் போலிருக்குண்ணே. போன வருஷம் முந்நூறைத் தாண்டறதுக்கே முழி பிதுங்கிச்சு."

"பூ முத்தி அறுத்தோம்ல. அதான்."

சின்னவன் குடுவைக்குப் பக்கத்தில் குனிந்தான். மூக்கை உறிஞ்சினான். அண்ணியைப் பார்த்தான். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எலுமிச்சை வாசம் தூக்கலா இல்ல?"

மூக்கர் குடுவையை எடுத்துக் கண்ணை மூடி முகர்ந்தார். எப்போதும் போலவே மூன்று சின்ன மூச்சு, ஒரு பெரிய மூச்சு.

"முதல் வடி அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள் உக்காந்தா சரியாயிடும். நீ அடுப்பைப் பாரு."

அவர் மூக்குக்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. சின்னவன் அடுப்பைப் பார்க்கப் போனான். அண்ணி புனல் எடுக்கப் போனாள். பத்து நாள் காய்ச்சினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அத்தனை எண்ணெய் அவர்கள் கண்டதில்லை.

*

மூன்று வாரம் கழித்துச் சோதனைக்கூடத்துப் பெண் தானே வந்தாள். வழக்கமாகச் சோதனை முடிவுத் தாள் தபாலில் வரும். அவள் வேலை பார்க்கும் கம்பெனி அந்த எண்ணெயை வாங்கிக் கொசு அண்டாத களிம்பு செய்கிறது. பெரிய கம்பெனி. அவர்களை விட்டால் அந்த வட்டாரத்தில் பூனைப்புதினாவுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

வாசலில் அறுப்புப் பெண்கள் இரண்டு பேர் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார்கள். லாரிக்காரர் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எல்லோருக்கும் நடுவில் நின்று, மெஷின் வரைந்த கோட்டுப்படம் போட்ட இரண்டு தாள்களைப் பிரித்தாள்.

"அய்யா, இது போன வருஷத்துது. பாருங்க, இங்க ஒரே ஒரு மலை. இதான் நெப்பட்டலாக்டோன். பூனை மயங்கறதும் இதுக்குத்தான், கொசு ஓடறதும் இதுக்குத்தான். நூத்துக்கு எண்பது பங்கு இருந்துச்சு." அடுத்த தாளை மேலே வைத்தாள். "இது இந்த வருஷம். மலையைக் காணோம். முப்பத்தியொண்ணுதான். மிச்சமெல்லாம் இந்தக் குட்டிக் குட்டிக் குன்று. சிட்ரால், ஜெரானியால், அந்த வகையறா."

"அப்படின்னா?" என்றாள் அண்ணி.

"எலுமிச்சை வாசக்காரங்கம்மா. பூனைப்புதினாவிலேயே ரெண்டு ஜாதி இருக்கு. பாக்க ஒரே மாதிரி. இலை, பூ, தண்டு, எதுலயும் வித்தியாசம் தெரியாது. கசக்கி மோந்து பாத்தாதான் தெரியும். எலுமிச்சை ஜாதியில எண்ணெய் நிறைய வரும், லேசா இருக்கறதால தண்ணியில மிதக்கும். ஆனா நமக்கு வேண்டியது அதுல கிடையாது. வருஷா வருஷம் நீங்கதான் பூக்கறதுக்கு முன்னாடி அதையெல்லாம் களைஞ்சிடுவீங்களே. இந்தத் தடவை என்ன ஆச்சு?"

நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். செடி முழங்கால் உயரம் வந்ததும் மூக்கர் பாத்தி பாத்தியாக நடப்பார். ஒவ்வொரு செடியிலும் ஒரு இலையைக் கிள்ளி முகர்வார். எலுமிச்சை அடித்தால் தண்டில் சிவப்பு நூல் கட்டுவார். பின்னாலேயே சின்னவன் வந்து, நூல் கட்டிய செடியை வேரோடு பிடுங்கி வரப்பில் போடுவான். அந்த வருஷம் பழைய செடியை எடுத்துவிட்டுச் சொந்த விதையில் புதிதாகப் போட்டிருந்தார்கள். கலப்பு அதிகம் இருக்கும் என்று தெரிந்தேதான் இரண்டு முறை நடந்தார்.

எல்லோரும் மூக்கரைப் பார்த்தார்கள். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நூல் கட்டிக் கொடுத்தேன்" என்றார். "பிடுங்கறது இவன் வேலை."

சின்னவன் சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

"கட்டினதைப் பிடுங்காம விட்டிருப்பான். இல்ல, கட்டாததைப் பிடுங்கியிருப்பான். கவனம்னா என்னன்னு கேப்பான் இவன்."

சாக்கு ஊசிகள் நின்றுவிட்டன. லாரிக்காரர் டயரை விட்டு நிமிர்ந்தார். சின்னவன் இரண்டு கையையும் சட்டையில் மெதுவாகத் துடைத்தான். துடைத்து முடிக்கும்வரை அண்ணன் முகத்தையே பார்த்தான். அப்புறம் அந்தப் பெண்ணிடம், "ஆமாங்க, என் தப்புதான்" என்றான்.

அண்ணிக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. தப்பு செய்தவன் அப்படித் துடைக்கமாட்டான். அவன் பிடிவாதக்காரன், ஒரு தட்டு உடைந்தால்கூட நான் உடைக்கவில்லை என்று அரை நாள் வாதாடுகிறவன்.

மத்தியானம் அவன் சாப்பிட வரவில்லை. போய்ப் பார்த்தாள். கட்டிலில் ஒரு பை இருந்தது. அதில் சட்டைகளை மடிக்காமல் திணித்துக்கொண்டிருந்தான்.

"எங்கடா கிளம்பிட்டே?"

"தோல் மண்டியில ஆள் கேட்டிருக்காங்க அண்ணி. ரொம்ப நாளா கூப்பிடறாங்க."

"அவர் கோவத்துல சொல்றது உனக்குப் புதுசா?"

"கோவத்துல சொல்லலை. அதான்."

"சரி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

"வேண்டாம். சாப்பிட்டா கிளம்ப முடியாது."

பையைத் தோளில் மாட்டினான். கொதிகலனின் நீராவித் திறப்பு ஒழுகுகிறது, முறுக்கும்போது துணி சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றான். போய்விட்டான். அண்ணி திரும்பி வந்தபோது மூக்கர் அவித்த உருளைக்கிழங்கை உப்பில் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். சமீப காலமாக எதிலும் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் பட்டது.

*

பூனைகள்தான் காட்டிக்கொடுத்தன.

காய்ச்சிய சக்கையைக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டுவார்கள். வருஷா வருஷம் அந்தக் குவியல் பூனைகளின் சாராயக்கடை. எங்கிருந்தோ வரும், உருளும், புரளும், எச்சில் வழியக் கிடக்கும். அடித்து விரட்டினாலும் போகாது. அந்த வருஷம் ஒரு கிழட்டு வெள்ளைப் பூனை வந்தது. முகர்ந்து பார்த்தது. குவியலைச் சுற்றிக்கொண்டு எலி தேடப் போய்விட்டது.

அண்ணி அதைப் பார்த்துவிட்டு வரப்பைப் பார்த்தாள். பூக்கும் முன் சின்னவன் பிடுங்கிப் போட்ட செடிகள் அங்கேதான் காய்ந்து கிடந்தன. இரண்டு பூனைகள் அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தன. அவற்றைத் தள்ளிவிட்டு ஒரு செடியை எடுத்தாள். தண்டில் சிவப்பு நூல் இருந்தது. கசக்கி முகர்ந்தாள். எலுமிச்சை இல்லை. மூக்கில் ஏறும் அதே பழைய காரமான புதினா நெடி. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. பத்துப் பதினைந்து செடி பார்த்தாள். எல்லாவற்றிலும் நூல் இருந்தது. பாதிக்கு மேல் நல்ல செடி.

சின்னவன் கட்டினதைத்தான் பிடுங்கியிருக்கிறான்.

போன மழைக்காலத்தில் மூக்கருக்கு வந்த காய்ச்சல் ஞாபகம் வந்தது. ஒன்பது நாள் படுத்துக் கிடந்தார். எழுந்ததிலிருந்து சாப்பாட்டைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டார். பரவாயில்லையே, மனுஷன் திருந்திவிட்டார் என்று அவள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தாள். ஒரு சின்ன மருந்துப் புட்டியை எடுத்துக் கொதிநீரில் மூன்று தடவை கழுவினாள். பாதிக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்தாள். மூடி போட்டாள். இப்படிச் செய்யலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனாள்.

"என்னங்க, இது அலமாரிக்குப் பின்னாடி கிடந்துச்சு. எந்த வருஷத்துச் சரக்குன்னு தெரியலை. கொஞ்சம் பாருங்க."

அவர் மூடியைத் திறந்தார். கண்ணை மூடினார். மூன்று சின்ன மூச்சு, ஒரு பெரிய மூச்சு. அவள் அவருடைய மூக்கின் ஓரம் விரிந்து சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பழைய சரக்கு" என்றார். "நாலஞ்சு வருஷம் இருக்கும். நல்லா இருக்கு. கெடலை."

அண்ணி சுவரோரம் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். புட்டியைப் பார்த்தார். விரலை விட்டு ஒரு சொட்டைத் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிசுக்கில்லை.

"தண்ணியா?"

"ஆமா."

மூடியை எடுத்துத் திருகினார். அது சரியாக உட்காரவில்லை. மறுபடி திருகினார்.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"காய்ச்சல்லேர்ந்து."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"மூணு மாசம் பாக்கலாம்னார். அப்புறம் ஆறு மாசம்னார். போன மாசம் போனப்ப ஒண்ணும் சொல்லலை. முதுகைத் தட்டிக் கொடுத்தார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னன்னு சொல்றது? கண்ணு போனா கோல் ஊன்றலாம். காது போனா சத்தமாப் பேசுன்னு சொல்லலாம். இதை யார்கிட்ட போய் என்னன்னு சொல்றது?" புட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "பாத்தியில நடக்கறப்ப இலையைக் கிள்ளிக் கிள்ளி மோந்தேன். காயிதத்தை மோந்த மாதிரி இருந்துச்சு. ரெண்டு தடவை நடந்தேன். எங்காவது ஒண்ணு பிடிபடாதான்னு. இலை நிறத்தைப் பாத்து, குத்துமதிப்பாக் கட்டிட்டு வந்துட்டேன்."

"எண்ணெய் மிதந்தப்பவாவது…"

"மிதந்தப்பவே தெரிஞ்சிடுச்சு."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. மூக்கு போனது நோய். மிதந்த எண்ணெயைக் கண்ணால் பார்த்தும் பத்து நாள் காய்ச்சினது நோயில்லை.

"தெரிஞ்சேதான் அந்தப் பையனை நாலு பேர் முன்னாடி வச்சு…"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தூறல் நிற்காமல் பெய்துகொண்டிருந்தது.

"உன் தலைமுடி வாசம்கூடத் தெரியலை" என்றார். "பக்கத்துல யாரோ படுத்திருக்காப்ல இருக்கு."

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இரண்டில் எது முந்துகிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை. எழுந்து போய் அவர் தோளைப் பிடித்தாள். ஆனால் குரல் இளகவில்லை.

"அதுக்கு நான் அழுவேன். உங்ககூட உக்காந்து அழுவேன். ஆனா முதல்ல போனை எடுங்க. அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க. அப்புறம் தோல் மண்டிக்குப் போறோம்."

அவர் சொன்னார். போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு, நின்றபடி, "என் தம்பி மேல தப்பில்லம்மா, எனக்கு வாசனை தெரியறதில்ல" என்றார். எதிர்முனையில் அந்தப் பெண் அய்யா, அய்யா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். எழுதிக் கொடுங்கள், மேலே பேசிப் பார்க்கிறேன் என்றாள். நான்காம் நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். அடுத்த பருவத்திலிருந்து வேறிடத்தில் எடுத்துக்கொள்வதாக இருந்தது.

*

தோல் மண்டிக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நிறுத்தத்தில் இறங்கியதுமே அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பச்சைத் தோலும் உப்பும் அழுகலும் சேர்ந்த நாற்றம். தெருவிலேயே சுவர் போல நின்றது. துணியை மூன்றாக மடித்து மூக்கில் வைத்துக்கொண்டாள். வாயால் மூச்சு விட்டால் நாக்கில் வந்து ஒட்டியது.

உள்ளே தகரக் கூரைக்குக் கீழே தோல்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. தரையெல்லாம் பழுப்பு நீர். வாசலில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"புதுசா வர்றவங்க எல்லாரும் அந்த மூலைக்கு ஓடுவாங்கம்மா. வாந்தி எடுக்க வாளி வச்சிருக்கோம். யாரைப் பாக்கணும்?"

சொன்னாள். மேஸ்திரி உள்ளே கை காட்டினார். மூக்கர் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். கையை வீசிக்கொண்டு, வயலில் பாத்திக்கு நடுவில் நடக்கிற மாதிரி, ரத்தமும் உப்புமாகக் கிடந்த தோல்களுக்கு நடுவே நேராகப் போனார். முகத்தில் ஒரு சுளிப்பில்லை. மேஸ்திரி சிரிப்பை நிறுத்திவிட்டு, "யாரும்மா அவரு?" என்றார்.

கடைசி அடுக்குக்குப் பக்கத்தில் சின்னவன் முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு தோலில் உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வாயும் மூக்கும் துணிக்குள் இருந்தன. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். அண்ணன் நிற்பதைப் பார்த்தான். மூடாத அந்த முகத்தைப் பார்த்தான். கையிலிருந்த உப்பு கீழே கொட்டியது.

"சுத்தமா தெரியலையா?" என்றான்.

மூக்கர் இல்லை என்று தலையாட்டினார்.

"கொஞ்சநஞ்சமாவது தெரியும்னு நினைச்சேன்."

"உனக்கு எப்படிடா…"

"நூல் கட்டின அன்னைக்கே தெரியும்ணே. முதல் பாத்தியில மூணாவது செடி. பிடுங்கறப்பவே கையெல்லாம் நல்ல வாசம். உங்களைத் திரும்பிப் பாத்தேன். கண்ணை மூடி மோந்துக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் நீங்க கட்டினது எல்லாத்தையும் பிடுங்கினேன்."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்வேன்? அண்ணே உங்க மூக்கு போச்சுன்னு நான் சொல்றதா? குடுவையில எலுமிச்சை வாசம் அடிக்குதுன்னேனே, அப்பவாவது ஆமாடான்னு ஒரு வார்த்தை சொல்வீங்கன்னுதான்."

அண்ணி சற்றுத் தள்ளியே நின்றாள். இது அவர்கள் இரண்டு பேருக்குள் ஆக வேண்டியது.

மூக்கர் சுற்றிலும் பார்த்தார். உப்புத் தேய்த்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் கையை நிறுத்திவிட்டுக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"தப்பு என்னுது. தெரிஞ்சே உன் மேல போட்டேன். நாலு பேர் முன்னாடி போட்டேன். அதான் நாலு பேர் முன்னாடி சொல்றேன். வீட்டுக்கு வாடா."

சின்னவன் குனிந்து தோலின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

"பழி பெரிசில்லண்ணே. அதை நானே எடுத்துக்கிட்டேன், உங்களுக்காகத்தான். ஆனா நான் என் தப்புதான்னு சொன்னப்ப உங்க முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு நிமிஷம் அதுல ஒரு நிம்மதி வந்துச்சு. அதை நான் பாத்திருக்கக் கூடாது."

சின்னவன் மறுபடி ஒரு கை உப்பை அள்ளினான்.

"கோவமெல்லாம் இல்ல. கஷ்டம்னா கூப்பிடுங்க, வந்து நிப்பேன். அண்ணியைப் பாக்க வருவேன். ஆனா அந்தக் கட்டில்ல வந்து படுக்க முடியாது."

"செடியை எடுத்துடப் போறேன்" என்றார் மூக்கர். "கம்பெனியில வேண்டாம்னுட்டாங்க."

"தெரியும். லாரிக்காரர் சொன்னார்."

"நீ இருந்தா வேற ஏதாவது…"

"இல்லண்ணே."

அண்ணி கொண்டுவந்திருந்த ரொட்டிப் பொட்டலத்தைச் சின்னவனிடம் நீட்டினாள். கை அழுக்கு என்றான். அவன் சட்டைப் பையில் அவளே வைத்தாள். அவன் கண் கலங்கியிருந்தது. அது உப்பினாலும் இருக்கலாம். திரும்பி நடக்கும்போது பின்னால் மறுபடி தோலில் உப்புத் தேய்க்கும் சத்தம் கேட்டது. மூக்கர் ஒரு தடவை நின்றார். அப்புறம் நடந்தார்.

பஸ்ஸில் நடுவில் ஒரு இருக்கை கிடைத்தது. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பக்கத்து இருக்கையிலிருந்த ஒரு அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து முன்னால் போய் நின்றாள். பின்னால் இருந்தவரும் எழுந்தார். அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர்கள் அவர்களைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், கம்பியைப் பிடித்து நெருக்கியடித்து நின்றார்கள். அவர்களைச் சுற்றி ஆறு இருக்கை காலியாகக் கிடந்தது.

மூக்கர் காலி இருக்கைகளைப் பார்த்தார். நிற்கிறவர்களைப் பார்த்தார். தன் சட்டைக் கையைத் தூக்கி மூக்கில் வைத்து இழுத்தார். கையைக் கீழே போட்டார்.

"நம்ம மேலயா?" என்றார்.

இல்லை என்று சொல்ல அண்ணிக்கு வாய் வரை வந்தது. காய்ச்சலிலிருந்து எட்டு மாதம் அவரும், அவருக்காகத் தம்பியும் மறைத்ததன் கதி அவளுக்குத் தெரியும்.

"ஆமா."

"ரொம்பவா?"

"ரொம்ப."

அவர் தலையை ஆட்டினார். "எப்படி இருக்குன்னு சொல்லு" என்றார்.

அவள் மூக்கிலிருந்து துணியை எடுத்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு முன்னால் நின்றவர்களுக்குக் கேட்காதபடி, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.